தொண்ணூற்றொன்பதை விட்டு வந்தவன்

எனக்குப் பூ வைக்க நாள் குறிக்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அப்பா உள்ளே தறியில் இருந்தார். நூலைக் கொண்டு இங்குமங்கும் நாடா ஓடும் சத்தத்தில் வாசலில் ஆள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. அம்மா காப்பியைக் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா சண்முகவள்ளி தம்ளரை வாயருகே கொண்டுபோன அந்த நேரம் பார்த்து அப்பா குரலெடுத்தார்.

"தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத்
தொலைந்த என்னைத் தேடிவந்தாய்..."

அப்பாவுக்கு நல்ல குரல். சின்னாளப்பட்டியில் எங்கள் தெருவில் தறிக்குத் தறி பாட்டு இருந்தாலும் அப்பா வேலுசாமி பாடினால் பக்கத்துத் தறி நிற்கும். அம்மா பெருமையாகச் சிரித்தாள். "அவுகதான். தறியில உக்காந்தா சினிமாப் பாட்டுத்தான்" என்றாள்.

சண்முகவள்ளியின் தம்பி, அதாவது மாப்பிள்ளையின் தாய்மாமா, தலையைச் சாய்த்துக் கேட்டார். திண்டுக்கல்லில் ஏதோ ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். படித்ததைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார்.

"இது சினிமாப் பாட்டு இல்ல மதினி. வேதக்காரங்க, ஏசுசாமியக் கும்புடுறவுக பாட்டு."

அப்பாவைக் கூப்பிட்டார்கள். இடுப்புத் துண்டோடு எழுந்து வந்தவருக்கு விஷயமே விளங்கவில்லை. "அட, சினிமாப் பாட்டுத்தாம்ப்பா. ராசகுமாரன் ஒருத்தன் தொண்ணூத்தொம்போது பொண்ணுகள வேணாம்னுட்டு, காணாமப் போன ஒருத்தியத் தேடி வாரான். அடுத்த வாரம் நம்ம கொட்டகைக்கு ராசா படம் வருதுல்ல, அதுலதான்."

"பொண்ணு இல்லண்ணே, ஆடு. நூறு ஆட்டுல ஒண்ணு தொலைஞ்சுபோகும், மேய்ப்பரு தேடிப் போவாரு. அவுக வேதத்துல இருக்கு."

"ஆட்டுக்குப் போயி எவனாச்சும் இம்புட்டு உருக்கமாப் பாடுவானா?" என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. சண்முகவள்ளி பாதிக் காப்பியோடு தம்ளரைக் கீழே வைத்தாள். "அண்ணே, ஒங்க வீட்டுல எதுவும் மாறியிருந்தா இப்பவே சொல்லிருங்க. நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்" என்றாள். தப்பாக நினைத்துவிட்டாள் என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்தது. அம்மா கற்பூரம் ஏற்றாத குறையாகச் சத்தியம் பண்ணினாள், அது சினிமாப் பாட்டுத்தான் என்று. கடைசியில் சண்முகவள்ளி ஒரு வழி சொன்னாள். படம் வரட்டும், இரண்டு வீட்டாரும் சேர்ந்து போவோம், பாட்டு அதில் இருந்தால் அந்த வார வெள்ளிக்கிழமையே பூவோடு வருகிறோம். இல்லாவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளை பெருமாள்சாமியை எனக்குப் பிடித்திருந்தது. சாயப்பட்டறையில் வேலை செய்பவன். விரல் நகமெல்லாம் ஊதா ஏறியிருக்கும். சுங்குடி முடிச்சுப் போட்ட துணியைக் கொடுக்கப் போகும்போது நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். அதை வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமலே இப்படி அமைந்துவிட்டதே என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன். அதற்குள் ஒரு ஆடு குறுக்கே வந்தது.

அவர்கள் போனதும் அம்மா ஆரம்பித்தாள். அவ்வளவு நேரம் அப்பாவுக்காகச் சத்தியம் பண்ணியவள், கதவைச் சாத்தியதும் போலீஸ்காரி ஆகிவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை ஏன் மாரியம்மன் கோயிலுக்கு வரவில்லை? வெற்றிலையை ஏன் குறைத்தீர்கள்? "ஞாயித்துக்கெழம கறி வேணாம்னீகளே. அது ஆட்டுக்கறி!" என்றாள். வயிறு சரியில்லை என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நூல்கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஆர்மோனியத்தோடு பாடியதைக் கேட்டதாகவும், வரப்போகும் ராசா படத்தின் பாட்டுப் புத்தகம் விற்கிறவன் என்று நினைத்ததாகவும், ஆளைப் பார்க்கவே இல்லை என்றும் சொன்னார். அம்மா அவருடைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். பழைய வேட்டிகளும் ஒரு பஞ்சாங்கமும்தான் விழுந்தன. பஞ்சாங்கத்தையும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள்.

நானும் யோக்கியம் இல்லை. அன்றிலிருந்து நாடாவுக்கு நூல் தார் சுற்றும் சாக்கில் தறிப்பக்கமே உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். அவர் பாடவில்லை. ஆனால் சில நேரம் நாடாக் கயிற்றை இழுக்காமல் கையில் பிடித்தபடியே இருப்பார். உதடு அசையும். காதல் பாட்டுக்கு இப்படி யாராவது கண்ணை மூடுவார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

புதன்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு நூல்கடைக்குப் போனாள். அங்கே சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஆர்மோனியத்தை இறக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். திண்டுக்கல்லிலிருந்து வேதம் சொல்ல வரும் உபதேசியார் பொன்னுத்துரை என்று கடைக்காரர் சொன்னார். உபதேசியார் என்றதுமே அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் நேரே போய்க் கேட்டாள்.

"ஏங்க, தொண்ணூத்தொம்போதுன்னு பாடுறீகளே. அது சினிமாப் பாட்டா?"

அந்த மனிதர் பதறிப்போனார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒங்கள யாரும்மா அனுப்புனது? எங்க பாதிரி ஐயரா?" என்றார்.

"எந்த ஐயரு? எனக்கு ஆமா இல்லைன்னு சொன்னாப் போதும்."

அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "ஆமாம்மா. சினிமாப் பாட்டுத்தான். அடுத்த வாரம் ஒங்க ஊருக்கு வருதே, அந்த ராசா படம். திண்டுக்கல்லு ஓட்டல்ல கிராமபோன் பிளேட் போடுவாங்க, கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சிருச்சு. சினிமாவத் தொடவே கூடாதுன்னு ஐயரு ரெண்டு தடவ கண்டிச்சுட்டாரு. ஆனா சபைக் கீர்த்தனை பாடுனா இங்க ஒருத்தரும் நிக்க மாட்டேங்குறாங்கம்மா. இதுக்குத்தான் நிக்கிறாங்க. நின்னாத்தான காதுல விழும்? தயவுசெஞ்சு யாருகிட்டயும் சொல்லிறாதீக."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்குக் கும்பிடுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. வீடு வரைக்கும் அம்மா நடக்கவில்லை, பறந்தாள். "வேதக்காரரே சினிமாப் பாட்டுத்தான் பாடுறாராம்டி! அவரு வாயாலயே சொல்லிட்டாரு" என்று மூன்று தடவை சொன்னாள். எனக்கும் மூச்சு வந்தது.

படம் வந்தது. முதல் ஆட்டத்துக்குப் போனோம். கயிறு கட்டிப் பிரித்த பெண்கள் பக்கத்து மணலில் நான், அம்மா, அந்தப் பக்கம் சண்முகவள்ளி. ஆண்கள் பக்கம் அப்பாவும் தாய்மாமாவும். ராசகுமாரன் குதிரையில் வந்தான், சண்டை போட்டான், தோப்புக்குள் போனான். படத்தில் ஆர்மோனியம் ஒலித்தது. அதே மெட்டு! அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல், ஒரு வாரம் அடக்கி வைத்திருந்தது, கொட்டகை முழுக்கக் கேட்டது. "தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத்..."

திரையில் ராசகுமாரன் வேறு பாடினான்.

"தென்னந்தோப்பினில் நிலவிருக்கத்
தனியே ஏனடி வாடுகிறாய்..."

அப்பாவின் குரல் பாதியில் நின்றது. மணலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டு முடியும்வரை நான் சண்முகவள்ளியின் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் கை என் தொடையில் அப்படியே கிடந்தது, கிள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

வெளியே வந்ததும் தாய்மாமா, "மெட்டு இருந்துச்சு. பாட்டு எங்க மதினி?" என்றார். மெட்டை மட்டும் எடுத்துச் சொல்லை மாற்றிக்கொண்ட அந்த உபதேசியாரைப் பற்றிச் சொல்ல அம்மா வாயெடுத்தாள். சொன்னால் அவரிடம் போனதே தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். அப்பாவாவது சும்மா இருந்திருக்கலாம்.

"படத்துல வர்றது சப்புன்னு இருக்கு. நிலாவாம், தோப்பாம். தொண்ணூத்தொம்போத விட்டுட்டு ஒண்ணத் தேடி வந்தவனுக்கு இது ஈடாகுமா?" என்றார், அது ஆடு என்று தெரிந்த பிறகும். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கோபத்தோடு ஒரு பயமும் வந்தது. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

தாய்மாமா செருமினார். சண்முகவள்ளி முந்தானையை உதறி மணலைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆண்கள் பின்னால் தங்கிவிட்டார்கள்.

மேலத்தெரு முக்குத் தாண்டியதும் எங்களுக்குப் பத்தடி முன்னால் போன சண்முகவள்ளியிடமிருந்து ஒரு பாட்டு முணுமுணுப்புக் கேட்டது. அதே மெட்டு. தலை லேசாக ஆடியது. வாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. நிலாவா, தொண்ணூற்றொன்பதா? அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடி வளையல்களைச் சத்தம் வராமல் முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, சொல் காதில் விழும் தூரத்துக்கு நடையை எட்டிப் போட்டேன்.