துரையைக் குளிப்பாட்டியவள்

துரை என்பது ஒரு நாய். போட்டிக்குப் போகிற நாய் என்பதால் காகிதத்தில் அதற்கு ஒரு முழ நீளத்துக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாயே தூங்கிவிடும். வீட்டில் துரைதான். லாசா அப்சோ இனம். உடம்பு முழுக்க முடி தரையைக் கூட்டிக்கொண்டு தொங்கும். அது நின்றால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று புதிதாக வந்தவர்கள் திணறிப்போவார்கள்.

அந்த முடியைக் கட்டிக் காப்பாற்றியவள் பார்லரக்கா. வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டுகிற பார்லர் வைத்திருந்ததால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. இரண்டு நாற்காலி இருந்த இடத்தில் ஒன்றைத் தூக்கிவிட்டுத் துரைக்கு மேசை போட்டாயிற்று. நாய்முடி பறக்கிற அறையில் தலையைக் கொடுக்க யார் வருவார்கள்? பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேரிடம் சம்பாதித்ததெல்லாம் துரையின் ஷாம்பூவுக்கும், போட்டிக் கட்டணத்துக்கும், ஊர் ஊராகப் போகிற வண்டி வாடகைக்கும் சரியாகப் போனது. தினமும் அந்த முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, எண்ணெய் தடவி, மெல்லிய காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் சிக்கு விழுந்துவிடும். மழையில் விடக் கூடாது, மண்ணில் விடக் கூடாது. கூடப் பிறந்த தம்பி கல்யாணத்துக்கே அவள் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிட்டாள், துரைக்கு முடி பிரிக்க வேண்டுமே என்று.

புருஷன் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். கோட்டு போட்டான். மருந்துக் கம்பெனியில் விற்பனையாளன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். போட்டியன்று மட்டும் கோட்டும் டையுமாக வந்து, அவள் வாரி முடித்து வைத்த நாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுவான். கோப்பையைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் நம்ம உழைப்புதான்" என்பான். நாயைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் ஐயா அந்தப் பக்கமே வரமாட்டார். சட்டையில் முடி ஒட்டுமாம்!

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், துரை ஜெயிக்கும்போது அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொறுக்க முடியாதது போன போட்டியில் நடந்தது.

அன்று காலை அவள் ஒரு கையில் டிரையரும் இன்னொரு கையில் சீப்புமாக நின்றிருந்தாள். அவள் போன் புருஷனிடம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி கூப்பிட்டான். "மாமா, அப்பாவுக்கு ரொம்ப முடியல. அக்காவைக் கேட்டுக்கிட்டே இருக்கார். உடனே கிளம்பி வரச் சொல்லுங்க." புருஷன், "சரிப்பா, சொல்றேன்" என்றான். சொல்லிவிட்டு போனை அணைத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அவள் பக்கம் திரும்பி, "காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் வாரு" என்றான்.

துரை ஜெயித்தது. படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு, வண்டி நிறுத்துகிற இடத்தில் வைத்துப் போனைக் கொடுத்தான். அதை உயிர்ப்பித்ததும் தம்பியின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"என்னங்க இது? காலையிலயே கூப்பிட்டிருக்கானே!"

"போட்டி முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீ எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடியிருப்ப. இத்தனை நாள் உழைப்பு வீணாப் போயிருக்கும்ல?"

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் கட்டிலைக் காலி செய்து புதுத் துணி விரித்திருந்தார்கள். "கடைசி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தார்க்கா" என்றான் தம்பி. அதைவிட அவன் அவளை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவள் சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் கணக்கு அன்றோடு தீர்ந்து அவன் தப்பித்திருப்பான். வாயைத் திறக்காமல் இருந்தாள். பெண்டாட்டி புரிந்துகொண்டுவிட்டாள் என்று அந்தப் புத்திசாலி நினைத்துக்கொண்டான். அவள் வயிறு எரிந்துகொண்டிருந்தது அவனுக்கு எங்கே தெரியும்?

இன்னும் ஒரே ஒரு வெற்றி வந்தால் துரைக்குச் சாம்பியன் பட்டம். அதற்கப்புறம் துரையோடு தங்கள் பெண் நாயைச் சேர்க்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மூன்று பேரிடம் அவன் இப்போதே அட்வான்ஸ் வாங்கிவிட்டான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அளந்தான்.

"சாம்பியன்னா சும்மாவா? நடுவர் தலையிலேர்ந்து வால் வரைக்கும் கை வச்சுப் பார்ப்பாங்க. ஆண் நாயின்னா ரெண்டு விதையும் இருக்கான்னு தடவிப் பார்ப்பாங்க. அது இல்லேன்னா பட்டமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெளிய போன்னுடுவாங்க."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. "அதை எதுக்குங்க பாக்கறாங்க?"

"நல்ல வம்சம் பெருகத்தானே இந்தப் போட்டியே! இது கூடத் தெரியாதா உனக்கு?"

"இப்பதான் தெரியுது" என்று சொல்லி டம்ளரை நிரப்பினாள்.

அடுத்த வாரம் அவன் வெளியூர் கிளம்பினான். அவள் துரையைத் தூக்கிக்கொண்டு நாய் டாக்டரிடம் போனாள்.

"போட்டி நாயாச்சேம்மா!" டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வீட்டுக்காரர் சம்மதிச்சுட்டாரா?"

"நாய் என் பேர்ல இருக்கு டாக்டர். வாங்கினதும் நான், வளர்க்கிறதும் நான்."

"உடம்புக்குக் கெடுதல் ஒண்ணும் இல்ல. ஆனா பண்ணிட்டா பண்ணினதுதான். அப்புறம் வேணும்னா வராது."

"போனது திரும்பி வராதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்" என்றாள் பார்லரக்கா. டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

மயக்கம் தெளிந்து துரை அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லடா கண்ணா" என்று தடவிக்கொடுத்தாள். அவன் ஊரிலிருந்து வருவதற்குள் காயம் ஆறிப்போயிருந்தது. முடியைப் பிரித்து இறக்கிவிட்டதும் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கண்டுபிடிக்க அவனுக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. போட்டிக்கு முன்னால் எத்தனையோ குளியல் நடந்தது. ஒரே ஒரு தடவை வந்து வயிற்றுப் பக்கம் துவட்டிவிட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஒருநாள் படம் எடுப்பதற்காகத் துரையைக் கையில் தூக்கினான்.

"கனக்குதே! கொஞ்சம் சதை போட்டிருக்கானோ?"

"நல்லா சாப்பிடறானே, அதாங்க."

படம் எடுத்ததும் நாயை இறக்கிவிட்டுச் சட்டையைத் தட்டிக்கொண்டே போனான். அப்பா போனதிலிருந்து சிரிக்காத பார்லரக்கா அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள்.

போட்டியன்று அவள் அந்த நாயை வாரியது போல வாழ்நாளில் எதையும் வாரியதில்லை. தோற்கிற நாயை வெளியே அனுப்பினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஜெயிக்கப்போகிற நாயை அல்லவா அனுப்ப வேண்டும்! துரை மைதானத்தில் இறங்கியதும் கூட்டம் வாயைப் பிளந்தது. அட்வான்ஸ் கொடுத்த மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கோட்டு போட்டிருந்த புருஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

நடுவர் நரைத்த தலை அம்மாள். துரையை மேசைமேல் நிற்க வைத்துப் பல்லைப் பார்த்தார், தோளை அழுத்தினார், முதுகை நீவினார், தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் கை பின்பக்கம் போய் முடிக்குள் நுழைந்தது. நின்றது. மறுபடியும் தேடியது.

"இதுக்கு எப்ப ஆபரேஷன் பண்ணினீங்க?"

"ஆபரேஷனா? இல்லையே மேடம்! இவன் நல்லா ஆரோக்கியமா இருக்கான்."

"விதை எடுத்திருக்கு சார். உங்களுக்குத் தெரியாதா? உங்க நாய்தானே?"

அவன் நம்பவில்லை. அத்தனை பேர் பார்க்கக் குனிந்து தானே கையை விட்டுத் துழாவினான். அந்த நாயை அவன் அந்த இடத்தில் தொட்டது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, அது பந்தல் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் காலியாயின. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

நாயைத் தூக்கிக்கொண்டு, கண் சிவந்து, அவள் நின்றிருந்த இடத்துக்கு ஓடிவந்தான்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? எப்படி பண்ணின? மானம் போச்சுடி! ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் துரையை அவன் கையிலிருந்து பதனமாக வாங்கிக்கொண்டாள்.

"போட்டி முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேங்க."

திட்டுவதற்குத் திறந்த அவன் வாய் அப்படியே நின்றது. அந்த வாக்கியத்தை எங்கே கேட்டிருக்கிறோம் என்று தேடி, தன் வாயிலேயே கண்டுபிடித்துக்கொண்டான் போலிருக்கிறது.

அவள் பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்தாள். காத்துக் காத்து வளர்த்த முடியைச் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளினாள். உள்ளே இருந்து சின்னதாக, சாதாரணமாக ஒரு நாய் வெளியே வந்தது. இறக்கிவிட்டதும் அது நேராகக் குழாயடிக்கு ஓடிச் சேற்றில் புரண்டது. தம்பிக்குப் போன் போட்டு, "கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கேன்டா, ஒரு நாயும் கூட வருது" என்றாள்.

புருஷன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். புதுக் கோட்டு முழுக்க நாய்முடி. தட்டிவிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.