முல்லை விழுந்த தொட்டி

சிதம்பரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் முதல் பஸ், கடலூரையும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டையும் தாண்டியதும், கன்னியகோயில் சாலையில் ஓர் இரும்பு கேட்டுக்கு முன்னால் வெள்ளிக்கிழமைதோறும் அரை நிமிஷம் நிற்கும். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. கண்டக்டர் ஆண்டி ஜன்னல் வழியாக ஈரத்துணி சுற்றிய பொட்டலம் ஒன்றை நீட்ட, ரப்பர் பூட்ஸும் தலையை மூடிய வலைத்தொப்பியுமாக இளமதி ஓடிவந்து வாங்கிக்கொள்வாள்.

"வெயில் படாம வெக்கணுமாம். உங்க வூட்டுக்காரரு மூணு தபா சொல்லிட்டாரு," என்பார் ஆண்டி. "எங்கிட்ட சொல்றதுக்கு ஒரு நாளு அவரே ஏறி வந்துடலாம்."

பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்குள் போவாள். யாரும் பார்க்காத இடத்துக்கு வந்ததும் பொட்டலத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

புது பீர் காய்ச்சும் வாரமென்றால் ஈரத்துணிக்குள் இரண்டு கட்டுகள் இருக்கும்; மற்ற வாரங்களில் இரண்டாவது மட்டும். வாழையிலையில் உதிரியாக மரிக்கொழுந்தோ மகிழம்பூவோ, அந்த வாரம் பேசிவைத்தது எதுவோ அது. தாமரை இலையில் ஒரு முழம் கட்டின முல்லை. முதலாவது பீர்த் தொட்டிக்கு. இரண்டாவது அவள் தலைக்கு.

இளமதிக்குப் பீர் காய்ச்சுவது வேலை. கேட்டுக்கு உள்ளே இருந்தது ஒரு சின்ன பீர்க் கூடம். நாலு பெரிய தொட்டிகளில் நாலு வகை பீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூலையில் ஐம்பது லிட்டர் பிடிக்கும் ஒரு குட்டித் தொட்டி. புதிதாக எதையாவது செய்து பார்ப்பதற்கு அது. அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் உயிர்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த இளமதியை முதலாளி அருண்குமார் வேலைக்கு எடுத்ததே அந்தக் குட்டித் தொட்டிக்காகத்தான். அதில் காய்ச்சுவதற்கெல்லாம் வெறும் நம்பர்தான் உண்டு. ருசி தேறினால் பெரிய தொட்டிக்குப் போகும், ஒரு பெயர் கிடைக்கும், குடிக்க வருபவர்கள் பார்க்கும் முன்கூடத்துக் கரும்பலகையில் ஏறும். இரண்டு வருஷத்தில் பதினாலு நம்பர் காய்ச்சியாகிவிட்டது. ஒன்றும் பலகை ஏறவில்லை. தாழம்பூ போட்டதில் சோப்பு வாசனை. பன்னீர் ரோஜா போட்டதைக் குடித்துவிட்டு, "கல்யாண வூட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும்மா," என்றார் பாய்லர் பார்க்கும் கலியமூர்த்தி.

பூவெல்லாம் சபாபதியின் யோசனை. அவன் அவளுக்கு அத்தை மகன், கட்டிக்கொண்டவன். சிதம்பரம் கீழ வீதியில் பூக்கடை. கோயிலுக்கு மாலை கட்டுகிற கை என்பதால் குடிப்பழக்கம் பக்கமே போனதில்லை. ஆனால் அவன் மூக்கு லேசுப்பட்ட மூக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வரும்போது ஈஸ்ட் போடாத மால்ட் சாற்றை, அதாவது முளைகட்டின பார்லிச் சாற்றைப் பிளாஸ்கில் கொண்டுவருவாள். அதில் போதை ஒன்றும் கிடையாது, இனிப்புக் கஞ்சி மாதிரிதான். மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். "இதுக்கு மரிக்கொழுந்து. காம்பு வேணாம், கொழுந்து மட்டும்," என்பான்.

அவன் சொன்ன பூவெல்லாம் பீராகி, கூடத்தில் இருந்தவர்களெல்லாம் ருசி பார்த்தார்கள். அவன் மட்டும் ஒரு சொட்டும் குடித்ததில்லை.

கல்யாணமான முதல் மூன்று மாதம் இளமதி சிதம்பரத்திலிருந்தே வேலைக்கு வந்துபோனாள். காலை ஏழு மணிக்கெல்லாம் மால்ட் ஊறவைக்க வேண்டும். ஒரு நாள் பஸ் தாமதம், ஒரு நாள் தூக்கத்தில் ஸ்டாப்பிங் தாண்டிவிட்டது. கடைசியில் கடலூர் புதுப்பாளையத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டாள். சபாபதியால் அங்கே வர முடியவில்லை. அவன் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துபோயிருந்தது. காலையும் மாலையும் அவரைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோக அவன் ஒருத்தன்தான். அத்தை புஷ்பவள்ளிக்கு அந்தத் தெம்பு இல்லை. மருமகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்பவர்களுக்கு, "கூல்ட்ரிங்ஸ் கம்பெனி" என்று பதில் சொல்லும் தெம்பு மட்டும் இருந்தது.

"எம் பேட்ச் ஒண்ணே ஒண்ணு போர்டுல ஏறட்டும் மாமா. வந்துடறேன்," என்று இளமதி சொல்லியிருந்தாள். சரி என்றான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காததுதான் அவளை அறுத்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ் ஏறும்போதெல்லாம், இவன் இப்போது கையைப் பிடித்து இறக்கிவிட்டால் இறங்கிவிடுவோம் என்று நினைப்பாள். அவன் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

பதினைந்தாவது பேட்ச் அன்று அந்தத் தவறு நடந்தது.

கொதி முடிந்து அடுப்பை அணைத்ததும் பத்து நிமிஷத்துக்குள் பூ விழுந்துவிட வேண்டும். எப்போதும் அவளே நிறுத்துப் போடுவாள். அன்று சரியாக அந்த நேரத்தில் அருண்குமார் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, ஒரு லைசென்ஸ் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கலியமூர்த்திக்குப் போன் செய்து, தட்டில் இருக்கும் பூவைப் போட்டுவிடச் சொன்னாள். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. வாழையிலையும் தாமரை இலையும் பிரிந்து கிடந்தன. பக்கத்தில் அறுத்துப்போட்ட வாழைநார்.

"கட்டுன பூவும் இருந்துதும்மா. நார உருவிட்டு அதையும் போட்டுட்டேன்," என்றார் கலியமூர்த்தி.

அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். மரிக்கொழுந்தோடு முல்லை மொட்டுகள் ஆவிக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. அவரைக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பூட்ஸும் தொப்பியும் இல்லாமல் அந்தக் கூடத்துக்குள் யாரும் நுழையக் கூடாது. வளையல் கூடாது, ஒட்டுப்பொட்டு கூடாது, தலையில் பூ கூடவே கூடாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் அந்த முழம் முல்லை தட்டிலேயேதான் கிடக்கும். சாயங்காலம் அறைக்குப் போனதும் சில நாள் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்ப்பாள். பல நாள் வாடிப்போயிருக்கும். தலையணைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவாள்.

இதை அவள் சபாபதியிடம் சொன்னதே இல்லை.

மூன்று வாரம் கழித்துப் பதினைந்தாம் நம்பரை முதலில் ருசித்த அருண்குமார் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர், எதையும் லேசில் பாராட்ட மாட்டார். பெரிய தொட்டியில் போடலாம், இதே மாதிரி வர வேண்டும், என்னென்ன வேண்டுமோ பட்டியல் கொடு என்றார். கலியமூர்த்தி ஒரு கண்ணாடித் தம்ளரைக் காலி செய்துவிட்டு, "எங்கையால போட்டது," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இளமதி ஒரு வாய் குடித்தாள். தொண்டையைத் தாண்டிய பிறகுதான் முல்லை வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் கலங்குகிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் அவனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, மரிக்கொழுந்தோடு ஆறு கிலோ உதிரி முல்லையும் வேண்டும் என்றாள். பேட்ச் தேறிவிட்டது, பலகை ஏறப்போகிறது என்றாள். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த நிமிஷமே யோசனையில் சுருங்கியது.

"முல்லை நா தொட்டிக்கு அனுப்பவே இல்லியே மதி."

நடந்ததைச் சொன்னாள். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். கலியமூர்த்தி நாரை உருவியதை நடித்துக்கூடக் காட்டினாள்.

"தவறிப் போட்டுட்டாரு, சரி," என்றான் சபாபதி. "பூ காலைல ஆறரைக்கே உன் கைக்கு வந்துடும். பத்து மணி வரைக்கும் அது ஏன் தட்டுல கெடந்துது?"

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டு, தொப்பியைப் பற்றிச் சொன்னாள்.

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டு வருஷமா."

அவன் ஒரு மாலையின் முடிச்சை இறுக்கிக் கீழே வைத்தான். "வெள்ளிக்கெழம கடையத் தொறந்ததும் மொதல்ல கட்டறது அதான். அதக் கட்டிட்டுத்தான் மத்ததெல்லாம். அப்பறம் நாளு பூரா உன் தலையில..." என்று ஆரம்பித்தவன், வாசலில் ஆள் வந்ததும் நிறுத்திக்கொண்டான். ஆள் போன பிறகும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆறு கிலோ அனுப்பிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை ஆண்டி மரிக்கொழுந்துக் கட்டோடு ஒரு சாக்கு மூட்டையை இறக்கிக் கொடுத்தார். அன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை. இளமதி மூட்டையைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். ஆறு கிலோ சொன்னால் ஆறேகால் கிலோ இருந்தது. கொஞ்சமும் வாடாத, ஒரே அளவு மொட்டுகள். தாமரை இலை மட்டும் இல்லை. மூட்டையை முழுதாகக் கொட்டியும் பார்த்தாள்.

சரக்கில் ஒரு குறையும் வைக்கவில்லை அவன். அதுதான் அவளை அழவைத்தது.

பெரிய தொட்டியில் போட்டதும் அப்படியே வந்தது. கரும்பலகையில் ஐந்தாவது வரியாக 'முல்லை' என்று சாக்பீஸில் எழுதினார்கள். இளமதி போட்டோ எடுத்துச் சபாபதிக்கு அனுப்பினாள். 'நல்லா இருக்கு' என்று பதில் வந்தது. அவ்வளவுதான். வாக்குக் கொடுத்தபடி பலகை ஏறியாகிவிட்டது, இனி அவள் ஊருக்கு வர வேண்டியதுதான். ஆனால் இந்தப் பீரை மாதாமாதம் காய்ச்ச அவளை விட்டால் ஆளில்லை என்று அருண்குமார் அன்றுதான் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். அவளுக்கும் அந்தத் தொட்டியை விட மனமில்லை. சபாபதிக்கு இது முன்னமே தெரிந்திருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையோ?

அன்று சாயங்காலம் தொட்டிகளுக்கு நடுவில் வெகுநேரம் நின்றாள். காய்ச்சுவது ஒரு நாள், முந்தின நாள் அதற்கான தயாரிப்பு. மிச்ச நாளெல்லாம் உள்ளே வேலை செய்வது ஈஸ்ட். சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதைக் கலியமூர்த்தி அவளைவிட நன்றாகவே பார்ப்பார். பிறகு அவள் எதற்காக ஆறு நாளும் இங்கே நிற்கிறாள்? நிற்கச் சொன்னது யார்? வேலைக்குச் சேர்ந்த அன்று போட்ட நேரம் அது. அதை மாற்றச் சொல்லி அவளும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கேட்டாள். அருண்குமார் இரண்டு தடவை மறுத்தார், சம்பளம் பாதியாகிவிடும் என்றார், கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, முடியுமா என்று விசாரித்தார். "கஞ்சிய காச்சறதுதான் அந்தப் பொண்ணு. தூங்க வெக்கறது எப்பவும் நாந்தான் சார்," என்றார் கலியமூர்த்தி. அதில் அருண்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் பத்து மணிக்கு அவள் கீழ வீதிக் கடை முன்னால் போய் நின்றபோது, சபாபதி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அங்கே ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறினான். ஒன்றுமில்லை, சும்மாதான் வந்தேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எதிர்க்கடைப் பாத்திரங்கள் வெயிலில் மின்னின.

"நா ஏன் சொல்லலன்னா," என்று அவளே ஆரம்பித்தாள். "தலையில வெக்க முடியலன்னு சொன்னா, நீ அனுப்பறத நிறுத்திடுவே. வாரத்துல எனக்குன்னு வர்றது அது ஒண்ணுதான் மாமா."

அவன் குவியலிலிருந்து பழுத்த இதழ்களைப் பொறுக்கி எடுத்தான். ஒரு கை நிறைந்ததும், "அது எப்பிடி இருக்கும்?" என்று கேட்டான்.

"எது?"

"அந்த பீரு. நாந்தான் குடிக்கப் போறதில்லியே. நீ சொல்லு."

அவள் யோசித்தாள். இத்தனை நாள் யாரும் அவளை இதைக் கேட்டதில்லை. "வாயில வெச்ச ஒடனே ஒண்ணும் தெரியாது. லேசா கசக்கும். முழுங்குனப்பறம்தான் பூ வரும். வந்துட்டுதுன்னு நெனைக்கறதுக்குள்ள போயிடும். அதுக்காகவே இன்னொரு வாய் குடிக்கத் தோணும்."

"நம்ம ஞாயித்துக்கெழம மாதிரி," என்றான் சபாபதி.

சாதாரணமாகத்தான் சொன்னான். தன் முகத்தை அவள் பார்த்துவிடாமல் அவன் குனிந்துகொண்டதில்தான் எல்லாம் தெரிந்தது. இரண்டு வருஷமாக அவன் கேட்காமல் வைத்திருந்தது அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிட்டது.

கடைக்குப் பின்கட்டு வீட்டிலிருந்து வந்த புஷ்பவள்ளி, மருமகளைப் பார்த்து, கம்பெனி லீவா என்று கேட்டாள். அண்ணன் மகள் முகம் சரியில்லாததைக் கண்டு, பதிலுக்குக் காத்திராமல் காப்பி போடப் போய்விட்டாள்.

"எத்தன மணி பஸ்ஸுக்குப் போவணும்?" என்றான் சபாபதி, இன்னும் நிமிராமலே.

"வியாழக்கெழம, மொத பஸ்ஸு."

"வியாழக்கெழமையா? இன்னைக்கி..."

"செவ்வாக்கெழம. இனிமே வியாழனும் வெள்ளியும்தான் அங்க. சனிக்கெழம காலைல வந்துடுவேன். சம்பளம் பாதிதான், சொல்லிட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கணக்குப் புரியாதவன் மாதிரி, சனி, ஞாயிறு, திங்கள் என்று வாய்க்குள் ஒவ்வொன்றாக எண்ணினான். புதன்கிழமை வந்ததும் நின்றான். மிச்சமிருந்த இரண்டு நாளும் அவன் கண்ணில் அப்படியே தெரிந்தன.

"அந்த ரெண்டு நாளு?" என்றான்.

"அந்த ரெண்டு நாளு இருக்கத்தான் செய்யும் மாமா," என்றாள் இளமதி. ஸ்டூலை அவன் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, பழுத்த இதழ்களைத் தானும் பொறுக்க ஆரம்பித்தாள்.