முதுகு காட்டிய சுவர்

ஏரிக்கரைச் சுவரில் வரையப்பட்டிருந்த செல்லியம்மாள், ஓவிய விழாவின் மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குத் திரும்பி உட்கார்ந்தாள். இருபதடி உயரத்துக்குப் பல் தெரியச் சிரித்த முகம் போய், கொண்டையும் முதுகும் மிஞ்சின. அமிர்தி பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் முதுகைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நிஜச் செல்லியம்மாள் பதினோரு வருஷம் அதே இடத்தில் கொட்டகை போட்டுச் சாமைச் சோறு விற்றவள். கரைக்குக் களை கூட்ட வந்த விழாக்காரர் சிவசங்கர் கொட்டகையைப் பிரித்துப் போட்டுச் சுவர் எழுப்பி, அதில் அவளையே வரையச் சொன்னார். "உன்னத்தானேம்மா இவ்ளோ பெருசா வரைஞ்சிருக்கோம், இன்னும் இன்னா வேணும்?" என்றார். அவள் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் ஊரில் உறவை அறுப்பது அப்படித்தான்; உட்கார்ந்தவர் எழுவதற்குள் மன்னிப்புக் கேட்டால் தீரும். சிவசங்கரோ, வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு அவள் எழுந்தாள். மறுநாள்தான் படம் திரும்பியது.

ஓவியக்காரி நதியா மூன்று தடவை முகத்தை வரைந்தாள். சாயம் காயுமுன் அது திரும்பிக்கொண்டது. பிறகு சிவசங்கருக்கும் வந்தது: எந்தப் பக்கம் போய் நின்றாலும் அவர் முதுகுதான் தெரிந்தது. மனைவி வசந்தி ஒரு வாரம் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, தலை கிறுகிறுத்து விட்டுவிட்டாள். பாராட்டு விழாவில் மாலை பிடரி வழியாக விழுந்தது.

படத்துச் செல்லியம்மாளின் முகமோ சுவருக்குப் பின்னால், குப்பை கொட்டும் பக்கத்தில் வெளிவந்தது. அதில் சிரிப்பில்லை. அதனடியில் அவள் மறுபடி அடுப்பு மூட்டினாள். முகத்தைப் பார்க்கக் கலசப்பாக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்தது. குப்பை அகன்றது, படகு வந்தது, கடைகள் முளைத்தன, அடுத்த வருஷம் விழா மேடையும் அந்தப் பக்கமே மாறியது.

அந்த விழாவில்தான் சிவசங்கர் தட்டுத் தடுமாறி அவள் கடைக்கு வந்தார். தப்புதான், மன்னிச்சுடும்மா என்றார். செல்லியம்மாள் அகப்பையை வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தாள்.

"யார் பேசறதுன்னு தெரியலீங்களே. மூஞ்சியக் காட்டிப் பேசுங்க."

அவர் நாலு பக்கமும் திரும்பினார். முதுகு, முதுகு, முதுகு, முதுகு. அவள் அடுத்த ஆளுக்குச் சோறு வைத்தாள்.

இப்போது விழா நோட்டீஸில் அவர் பிடரிப் படத்தைத்தான் போடுகிறார்கள். எல்லாருக்கும் அடையாளம் தெரிகிறது. தினமும் குளித்து வந்ததும் வசந்தி அங்கேதான் விபூதி பூசிவிடுகிறாள்.