மாதா மேசைக்கடியில் பிராண்டி

டிசம்பர் வந்தால் எங்கள் ஊரில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒருநாள் தங்கும். மறுநாள் மாலை அந்த வீட்டுக்காரர்களே பாடிக்கொண்டு தூக்கிப்போய் அடுத்த வீட்டில் விடவேண்டும். ஜெபமாலை முடிந்ததும் அவித்த கடலை, ஆளுக்கொரு மடக்கு ஃபெனி என்கிற முந்திரிச் சாராயம். போன வருஷம் என் வீட்டுக்கு வந்தபோது, கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த என் நாய் பிராண்டி, ஆஞ்செலோ மாமாவின் கால்சட்டையைக் கவ்விவிட்டது. அவர் கையிலிருந்த சுரூபம் விழாமல் தப்பியது மாதா புண்ணியம்.

எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று ஆஞ்செலோ மாமா நவம்பரிலேயே போட்ட இந்த வருஷப் பட்டியலில் என் வீட்டையே காணோம். கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. நேரே மாமா வீட்டுக்குப் போனேன்.

"என்ன மாமா, நான் மட்டும் ஞானஸ்நானம் வாங்காதவளா?"

"உன்மேல ஒண்ணுமில்ல எர்மீனா. நாயை அனுப்பு, மாதா வருவா. எங்கிட்ட நல்ல கால்சட்டையே ரெண்டுதான் இருக்கு."

கப்பலில் வேலை பார்க்கும் என் புருஷன் மினினோவும் போனில் அதே பாட்டைப் பாடினார். "மட்காவ்ல தம்பி தோட்டத்துக்கு அனுப்பிடு. மாதா வராத வீடு வீடா?"

அவருக்கென்ன! ஒன்பது மாதம் கடலில். அந்த ஒன்பது மாதமும் எனக்கு வீட்டில் பேச்சுத்துணை பிராண்டிதான். எனக்கு மாதாவும் வேண்டும், அதுவும் வேண்டும்.

மாப்சா டவுனிலிருக்கும் மாட்டு டாக்டரம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். கூடத்தில் மாதாவை வைக்கும் மேசைக்கடியில் தரை ஜில்லென்றிருக்கும். அந்த இடத்தை பிராண்டி தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. யார் கிட்டே போனாலும் உறுமும். வாயை அடைக்க ஒரு துண்டு சொரிசு போடுவேன். மிளகாயும் வினிகரும் ஊறிய பன்றித் தொத்திறைச்சிக்கு மயங்காத வாய் எங்கள் ஊரில் ஏது?

டாக்டரம்மா சிரித்தே விட்டார். "உறுமுறது அதுக்கு வேலை, சொரிசு சம்பளம். வேலைக்கு வெச்சது நீங்க!"

வெட்கமாகப் போயிற்று. அன்றே சமையலறை வாசலில் ஒரு சாக்கை விரித்தேன். அடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது. "உன் எடத்துக்குப் போ" என்றதும் போய்ப் படுத்தால் ரொட்டித் துண்டு. உறுமினால் ஒன்றும் கிடையாது. பக்கத்து வீட்டு பியேதாத் டீச்சர் தினமும் நாலு மணிக்கு வருவார். முதல் வாரம் கேட்டில் நின்று ரொட்டியை எறிந்தார், அடுத்த வாரம் படியில், பிறகு கூடத்தில். நாயைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"முப்பது வருஷம் ரெண்டாம் கிளாஸ் எடுத்தவ நான். இதைவிட மோசமாக் கடிச்சதெல்லாம் பாத்தாச்சுடி."

ஒரு மாதத்தில் டீச்சருக்கு உறுமல் நின்றது. ஆனால் ஊரே திரண்டு வந்தால்?

"என் வீட்டுக்குப் பதினெட்டாம் தேதி மாதா வர்றா. மறுநாள் தூக்கப்போறது நான்தானே? நேரா உன் வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுறேன். யாரு கேக்குறது?" என்றார் டீச்சர்.

சொன்னபடியே நுழைந்தார். பின்னால் மெழுகுவர்த்தியும் பாட்டுமாய் முப்பது பேர். பட்டியல் என்னாயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டு ஆஞ்செலோ மாமா கேட்டிலேயே நின்றுவிட்டார்.

பிராண்டி மேசைக்கடியில் கிடந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் எழுந்தது, முதுகு மயிர் சிலிர்த்தது. பாட்டு நின்றது. டீச்சர் சுரூபத்தோடு அப்படியே நின்றார்.

"பிராண்டி... உன் எடத்துக்குப் போ."

என்னைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. பிறகு வெளியே வந்து, சோம்பல் முறித்து, நடந்துபோய்ச் சாக்கில் படுத்துக்கொண்டது.

"அட, என் பேரப்பசங்ககூட ஒரே பேச்சுல இப்படிக் கேக்கமாட்டானுங்களே!" என்று கேட்டிலிருந்து மாமா குரல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், முழந்தாளிட்டார், அவரே ஜெபமாலையை ஆரம்பித்தார். அது முடியும்வரை பிராண்டி அசையவில்லை. நான்தான் ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டே அழுதேன்.

எல்லோரும் கடலை கொறித்துக்கொண்டிருந்தபோது மினினோ கூப்பிட்டார்.

"நாயை அனுப்பிட்டியா?"

"மாதா வந்தாச்சு. பிராண்டியும் வீட்லதான் இருக்கு. இன்னும் வராத ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றேன்.