கடித்துவிட்டதாகச் சொன்னார்கள்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று எனக்கு ஒரு கண்தான் வேலை செய்தது. அதுவும் அரைகுறையாக. இன்னொரு கண்ணின்மேல் பஞ்சு வைத்து, பிளாஸ்டிக் மூடியைப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதனால் காரிலிருந்து இறங்கியதும் காதைத்தான் நம்பினேன். கேட் கிறீச்சிட்டால் உள்ளே தரையில் நகங்கள் சரசரக்கும். அடுத்த நொடி ஒரு கனமான மூச்சு என் முழங்காலில் வந்து முட்டும். அன்று கேட் கிறீச்சிட்டது. வேறு சத்தமே இல்லை.

"மேனேஜர் எங்கடா?" என்று மகனைக் கேட்டேன்.

மேனேஜர் எங்கள் நாய். எல்லா அறைகளையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கேயோ குறை கண்டுபிடித்ததுபோல மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் படுக்கும். அதைப் பார்த்து என் மனைவி வைத்த பெயர்.

மகன் சட்டைப் பையில் கைவிட்டான். பிறகு பேன்ட் பையில். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவன் முதலில் பையைத்தான் துழாவுவான்.

"கேட் தொறந்து கெடந்துச்சுப்பா. ஓடிடுச்சு. தேடாத எடமில்ல."

கதவுப் பக்கத்துச் சுவரைத் தடவினேன். ஆணி வெறுமையாக இருந்தது.

"ஓடிப்போன நாய், போறப்ப ஆணியில இருந்த கயிறையும் கழட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டா போச்சு?"

உள்ளேயிருந்து மருமகள் வந்தாள்.

"தெருவுல ஒண்ணும் விடல மாமா. அத்தை எடுத்துட்டு வந்தாங்களே, அதே நாய்க் காப்பகத்துலதான் விட்டிருக்கோம். புது சோபா பூரா முடி. உங்களுக்கும் கண்ணு ஆபரேஷன், கிருமி ஒட்டிக்கிச்சுன்னா என்ன பண்றது? உங்க நல்லதுக்குத்தான்."

என் நல்லதுக்கு! நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த நேரம் பார்த்து, எனக்குத் தெரியாமல், என் நல்லதுக்கு. ஒரு வீட்டில் யாருடைய தலையையாவது தடவிக்கொண்டே கழுத்தை அறுக்க வேண்டுமென்றால் இந்த வார்த்தை போதும்.

அந்த நாயை என் மனைவி தேடிப் பிடித்துத்தான் கொண்டுவந்தாள். காப்பகத்தில் துள்ளி விளையாடிய குட்டிகளை எல்லாரும் கொஞ்சிக்கொண்டிருக்க, மூலையில் காது கிழிந்து, வயதாகி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கிடந்ததைக் காட்டி, "இவரை யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. நம்ம வீட்டுக்கு வரட்டும்" என்றாள். வந்த புதிதில் அது சாலையில் ஓடி, லாரிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பியது. அதற்குப் பிறகு ஒரே ஒரு பாடத்தை அலுக்காமல் சொல்லிக்கொடுத்தாள். கேட் திறந்திருந்தாலும் அங்கே உட்கார வேண்டும். "போலாம்" என்று சொன்னால்தான் வெளியே கால் வைக்க வேண்டும். அவளைக் கடைசியாக வீட்டிலிருந்து தூக்கிச் சென்ற நாளில், கேட் அகலத் திறந்துகிடக்க, மேனேஜர் அங்கே உட்கார்ந்து வண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அதனிடம் "போலாம்" என்று சொல்லவில்லை.

அந்த நாயைத்தான் ஓடிவிட்டது என்றான் என் மகன்.

"வண்டிய எடு" என்றேன்.

"இப்பதானேப்பா வந்தீங்க? நாளைக்குப் போலாமே."

"இப்ப எடுக்கறியா, நான் நடந்து போகட்டுமா?"

காப்பகத்தை நடத்தும் அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குழாய்த் தண்ணீரால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஐயையோ, கண்ணையேவா? தம்பி சொன்னப்ப ஏதோ கீறலா இருக்கும்னு நெனச்சேனே. உக்காருங்கய்யா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. காப்பகம் நிரம்பி வழிந்தது. நல்ல நாயை வீட்டிலிருந்து கொண்டுவந்தால், இடம் காலியாகும்வரை வைத்திருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஆளைக் கடித்த நாய் என்றால் மட்டும் அன்றைக்கே எடுத்துக்கொள்வார்களாம். இதைத் தெரிந்துகொண்ட என் மகன், "அப்பா மூஞ்சியில பாஞ்சிடுச்சு, ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு" என்று சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரி என்பது மட்டும் உண்மை. மீதிக்கு நானே இப்போது கண்ணை மூடிக்கொண்டு சாட்சியாக வந்து நிற்கிறேன்.

"இது புரைக்குப் பண்ணின ஆபரேஷன்மா. அது என்னைக் கடிக்கல. யாரையுமே கடிச்சதில்ல."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "கடி வாங்கினவங்கதான்யா மொதல்ல ஓடி வந்து இப்படிச் சொல்றாங்க. பாசம். ஆனா மூஞ்சியில பாஞ்ச நாயை நாங்க வெளிய விடறதில்ல. சாயங்காலம் டாக்டர் வருவாரு. வலி தெரியாம ஊசி போட்டு முடிச்சிடுவாரு."

நான் மகன் பக்கம் திரும்பினேன். அவன் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுடா."

"அப்பா, கத்தாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! ஒரு உசுரு போகப் போகுது, உனக்கு மானம் போகுதா?"

ஒரு வாரத்துக்குத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த மூடியைப் பிடித்து இழுத்தேன். பிளாஸ்திரியோடு புருவ முடியும் வந்தது. வெளிச்சம் ஊசியாகக் குத்தி, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"நல்லாப் பாரும்மா. பல்லு பட்ட எடம் எங்க? நகம் பட்ட எடம் எங்க?"

அவர் கிட்ட வந்து பார்த்தார். போய்க் குழாயை மூடினார். பிறகு என் மகன் எதிரே வந்து நின்றார்.

"தம்பி, கடிச்சுதா, கடிக்கலையா?"

அவன் உதடு அசைந்தது.

"நாய்ங்க கொலைக்குது. எனக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"கடிக்கல! எடமில்லன்னு திருப்பி அனுப்பிடுவீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன். ஊசி போடுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சுக்கக் கேட்டீங்களா?" அந்த அம்மா கூண்டுகளின் பக்கம் கைகாட்டினார். "இந்த வரிசையப் பாருங்க. கழுத்துல பட்டை தேஞ்ச தடம் இருக்கா? எல்லாம் யாரோ ஒருத்தர் மடியில தூங்கினதுதான். வளக்க முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. அதுல ஒரு அவமானமும் இல்ல, வேற வீடு தேடித் தரோம். ஆனா அது மேல பழி போடாதீங்க. நீங்க என்ன சொன்னாலும், இல்லன்னு சொல்ல அதுக்கு வாய் கெடையாது. எடுத்துட்டுப் போறப்ப அதோட கடைசி நாள் வரைக்கும் யோசிச்சு எடுங்க. இல்லன்னா எடுக்கவே எடுக்காதீங்க."

சாவியை அவன் கையில் வைத்தார். "கட்டினது நீங்க. அவுக்கறதும் நீங்களே."

கடைசிக் கூண்டில், வாயில் கம்பிக்கூடு மாட்டி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது மேனேஜர். மகன் கதவைத் திறந்து, மண்டியிட்டு, வாய்க்கூட்டின் கொக்கியைக் கழற்றினான். கம்பி அழுத்தி மூக்கின்மேல் தோல் உரிந்திருந்தது. கடித்துவிடு என்று ஒரு கணம் நான் உண்மையாகவே நினைத்தேன். அது அந்தக் கையை மோந்து பார்த்தது. நக்கியது.

காப்பகத்து கேட் திறந்துதான் இருந்தது. மேனேஜர் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்த மகனுக்கு முகம் கோணியது. அவன் அம்மாவின் வார்த்தையை அவன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போலாம்டா" என்றான். அழுதுகொண்டிருந்தான். அது எழுந்து, வாலை ஆட்டியபடி அவன் காலோடு ஒட்டி நடந்தது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காரில் ஏறியதும் கேட்டேன்.

"எனக்கும் வயசாகுது. என் முடியும் சோபாவுலதான் கொட்டுது. நாளைக்கு என்னை எங்கயாவது விடணும்னா என்னடா சொல்லப் போற? அப்பா கடிக்கிறாருன்னா?"

"அப்பா..."

"அது உன்னை மன்னிச்சிடுச்சு. அதுக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்கு நாளாகும். வண்டிய ஓட்டு."

பின்சீட்டில் மேனேஜர் காரின் உள்பக்கத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்தது.