போர்டின் பின்பக்கம்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரன் கடையை மூடிய பிறகும் அவன் படம் தொழிற்பள்ளிச் சுவரில் இளித்துக்கொண்டுதான் இருந்தது. கத்தரிக்கோலும் கையுமாக ரிப்பன் வெட்டும் படம். கீழே, ‘முன்னாள் மாணவர், இந்நாள் முதலாளி.’ கழற்றினால் மாட்ட வேறு படம் கிடையாது.

சொந்தத் தொழில் பற்றிப் பேச அவனையே கூப்பிட்டார் வாத்தியார். அவன் போனது தங்கச்சிக்காக. அவள் அங்கே மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டப் படிக்கிறாள், கடைசி வருஷம், இந்த வாரத்தோடு முடிகிறது. பம்ப் கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது. அவளோ, “எவன்கிட்டயும் கைகட்டி நிக்க மாட்டேன், கடைதான்” என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் சொன்னது காதில் ஏறவில்லை. மேடையில் சொன்னால் ஏறும் என்று நம்பினான், மடையன்.

மைக்கைப் பிடித்தான்.

“கடை போச்சு தம்பிங்களா. ரிப்பேருக்குக் குடுக்கறதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்னு ஜனங்க போயிட்டாங்க. கேஸ் நிரப்பக் கத்துக் குடுத்தாங்க. ஆளே வரலைன்னா என்ன செய்யறதுன்னு எவனும் சொல்லித் தரல. இப்ப மூட்டை தூக்கறேன். கிடைச்ச வேலையை விட்டுடாதீங்க.”

வாத்தியார் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார்.

“பாத்தீங்களாடா! விழுந்தும் எப்படி நிமிந்து நிக்கறான்! இந்தத் துணிச்சல்தான்டா முதலு! தட்டுங்கடா!”

தட்டினார்கள். கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி. “அண்ணே, மறுபடி எப்பக் கடை?” என்று ஒருவன் கத்தினான். தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

அப்புறம் பிள்ளைகள் வருங்காலக் கடைக்கென்று எழுதிக் கொண்டுவந்த பெயர்ப்பலகைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னார் வாத்தியார். கடை இல்லை, இடம் இல்லை, போர்டு மட்டும் பளபளவென்று. தங்கச்சியுடையதுதான் பெரிசு. ஒரு மூலை நசுங்கிய தகரம். மாட்டும்போது சுத்தியல் தவறி அவனே நசுக்கிய மூலை.

“ஏய், இது...”

“உன்னோடதுதாண்ணே. கட்டிலுக்கடியில சும்மாதானே கெடந்துச்சு. பின்பக்கம் எழுதிட்டேன்.”

“திங்கக்கிழமை கம்பெனிக்குப் போகணுமே?”

“காலையில வரைக்கும் எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். நீ பேசினதும் போயிடுச்சு. வரலைன்னு இப்பத்தான் போன்ல சொல்லிட்டேன்.”



“ரெண்டு பேரும் புடிங்க, சுவருக்கு ஒரு படம்,” என்று வாத்தியார் போனை நீட்டினார்.

பிடித்தான். அவன் பெயர் இருந்த பக்கம் அவன் வயிற்றில் சில்லென்று ஒட்டியது.

“சிரிண்ணே,” என்றாள்.