வாயைப் பொத்திக்கொண்டு எழுதியது

1
இந்தக் கதை என் வாயிலிருந்து பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, என் வாய் நாறுகிறது என்று நான் நம்பியதைச் சொல்கிறேன். முத்தியால்பேட்டை, 1979. கதாநாயகன் பெயர் தெய்வசிகாமணி. (பொய். நான்தான். வேறு பெயர் போட்டால் கொஞ்சம் தள்ளி நின்று பேசலாம் பாருங்கள்.)

2
தொடக்கம்: 'கடற்கரையில் மாலை வெயில் பொன்னாக...' சீ, வேண்டாம். அவன் வீட்டுக் கொல்லையில் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆபீசில் கோவிந்தராசு பேச்சுக்கு நடுவே மூக்கைச் சொறிந்தார், அவ்வளவுதான் காரணம். பல் டாக்டர் ஒன்றுமில்லை என்றார். டாக்டருக்குச் சளி பிடித்திருக்கும் என்று இவன் முடிவு செய்தான்.

3
பதவி உயர்வுக்காக ஏலேனிடம் பிரெஞ்சு படிக்கப் போனான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் லெயோனின் மகள். அந்த மொழியோ, உதட்டைக் குவித்து எதிராளி முகத்திலேயே ஊதச் சொல்கிறது! இவன் கைக்குட்டையால் மூக்குவரை பொத்திக்கொண்டே படித்தான். லெயோனுக்கு ஒரே பூரிப்பு, இந்தக் காலத்தில் வாய் பொத்திப் பேசுகிற பிள்ளை எங்கே கிடைக்கும் என்று. (அதை நம்பி இன்னும் இறுக்கிப் பொத்தினேன். எப்பேர்ப்பட்ட மூளை!)

ஏலேனை எனக்குப் பிடித்திருந்தது. இதை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட மனசு வரவில்லை.

4
புது வருஷத்தன்று அந்த வீட்டில் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து வாழ்த்துவார்கள். ஏலேன் கிட்டே வந்தாள். இவன் பின்னால் துள்ளி கேக் தட்டின்மேல் உட்கார்ந்தான். (நிஜமாகவே நடந்தது. கதைக்காகச் சேர்க்கவில்லை.)

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாசல்வரை வந்தவள், இரண்டடி தள்ளி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்:

"என் வாய் நாறுதா? ஆறு மாசமா நான் பேசினாலே மூக்கப் பொத்திக்கிறீங்க. தினம் மூணு தடவ பல்லு வெளக்கிட்டுதான் உக்கார்றேன்."

5
மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உண்மையைச் சொல்கிறான், சிரிக்கிறார்கள், கல்யாணம். இன்னொன்றில் கடிதம் போடுகிறான். மூன்றாவதில் அவள் அவனுடைய கையை...

நடந்தது வேறு. பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆமாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பாடத்தை நிறுத்திவிட்டாள். அடுத்த வருஷம் பிரான்சுக்குப் போனாள். அக்கா இப்பல்லாம் யார் பக்கத்திலயும் நின்னு பேசறதில்ல என்று அவள் தம்பி பியேர் ஒருநாள் சொன்னான். என் வியாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். எங்கேயாவது ஏலேனைப் பார்த்தால், கிட்டே போய், இல்லை என்று சொல்லுங்கள். நான் போனால் தூர நின்றுதான் சொல்வேன். அவள் நம்பமாட்டாள்.